சிறு பிள்ளைகளோடு சிம்கோ ஏரியில் வழிகாட்டியுடன் மீன்பிடிப் பயணம்: உங்கள் ஆலோசனை தேவை

மார்க்கம்வாசி:

உறவுகளுக்கு வணக்கம். ஜூலை நடுப்பகுதியில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள சிம்கோ ஏரிக்கு அழைத்துச் சென்று, சொந்தப் படகு வைத்திருக்கும் மீன்பிடி வழிகாட்டி ஒருவரை அமர்த்தி, அவர்களுக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுக்கலாம் என்று நானும் மனைவியும் எண்ணியிருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலரை. அந்த நேரத்தில் என் அக்காவின் மகனும் கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்திருப்பான், அவனுக்குப் பதினொன்று. நான் பருத்தித்துறையில் வளர்ந்தவன் என்பதால் வள்ளமும் தங்கூசியும் எனக்குப் புதியவை அல்ல. ஆனால் இந்த நாட்டு ஏரிகளின் மீன்களையோ சட்டங்களையோ நான் அறியேன்.

விசாரித்த இடங்களில் அரை நாள் என்றால் நான்கு மணித்தியாலம், முழு நாள் என்றால் எட்டு மணித்தியாலம் என்றும், முழு நாளாக எடுத்தால் கட்டணம் இலாபமாக இருக்கும் என்றும் சொன்னார்கள். இவ்வளவு சிறிய பிள்ளைகளோடு எவ்வளவு நேரம் சரிவரும்? நாலரை வயதுப் பிள்ளையைப் படகில் ஏற்றலாமா? வழிகாட்டியிடம் எவற்றைக் கேட்டுத் தெளிந்த பிறகு பதிவு செய்வது நல்லது? பிள்ளைகளோடு போய்வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

ஏரிக்கரையான்:

வணக்கம் தம்பி. முழு நாள் என்ற யோசனையை முதலில் கைவிடுங்கள். கட்டணம் எவ்வளவு குறைந்தாலும் அது உங்களுக்கு உதவாது. நான் பல ஆண்டுகளாக இந்த ஏரியிலும் கவார்த்தா ஏரிகளிலும் பிள்ளைகளோடும் பிள்ளைகள் இல்லாமலும் மீன்பிடித்து வருகிறேன். பெரியவர்கள் போகும் பயணத்தில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள்தான் பெரும்பாலும் மனம் சோர்ந்து திரும்புகிறார்கள். பிள்ளைகளை மனத்தில் வைத்துத் தொடக்கத்திலிருந்தே அமைக்கப்படும் பயணத்தில் நேரமும் இடமும் படகும் இரையும் மாறும்; எல்லாவற்றுக்கும் மேலாக, தேடிப்போகும் மீன் மாறும்.

சிம்கோ ஏரி ஏறத்தாழ 720 சதுர கிலோமீற்றர் பரப்புள்ளது. கோடையில் அதன் புகழ் ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீனால் வருவது. வழிகாட்டிகளின் இணையப் பக்கங்களில் நீங்கள் பார்க்கும் பெரிய மீன்களின் படங்கள் பெரும்பாலும் அதனுடையவையே. ஏரி ட்ரவுட்டும் அங்கே உண்டு. ஆனால் கோடையில் அது குளிர்ந்த ஆழ்நீருக்குப் போய்விடும். ஏரியின் மிக ஆழமான பகுதி பாரி நகரை ஒட்டிய கெம்பன்ஃபெல்ட் குடா. அங்கே ஆழம் 40 மீற்றரைத் தாண்டும். இந்த இரண்டு மீன்களுக்கும் பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும். திரும்பத் திரும்ப எறிய வேண்டும், நெடுநேரம் காத்திருக்க வேண்டும். நாலரை வயதுப் பிள்ளையால் அது முடியாது. ஏழு வயதுப் பிள்ளையாலும் முடியாது.

உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியவை சன்ஃபிஷ், ராக் பாஸ், மஞ்சள் பெர்ச் ஆகிய சிறிய மீன்கள். தெற்கே கெஸ்விக் ஊரை ஒட்டிய குக்ஸ் குடா ஆழம் குறைந்தது, நீர்ப்பாசியும் களையும் நிறைந்தது; இந்த மீன்கள் அங்கே கோடை முழுவதும் கிடைக்கும். இவற்றுக்கு விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பி இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. காலை ஒன்பது மணிக்கும் கடிக்கும், பத்து மணிக்கும் கடிக்கும். வழிகாட்டியை அழைக்கும்போது முதல் வாக்கியத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள்: பெரிய மீன் வேண்டாம், பிள்ளைகளின் தூண்டிலில் அடிக்கடி கடிக்கும் மீன் வேண்டும். அதைக் கேட்டு மகிழ்ச்சியோடு பேசுகிறவர் உங்களுக்கு ஏற்றவர். "அதெல்லாம் சின்ன மீன், நான் உங்களைப் பாஸ் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகிறேன்" என்று பேச்சைத் திருப்புகிறவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இந்தப் பயணத்துக்கு வேண்டாம்.

கருவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு நாலரை அடிக்குள் அடங்கும் குட்டைத் தடியும், பெருவிரலால் பொத்தானை அழுத்தி விடும் மூடிய ரீலும் போதும். தூண்டில் முள் எட்டாம் அல்லது பத்தாம் இலக்கம். அதற்கு மேல் ஒரு சிறிய ஈயமில்லாத பாரம். அதற்கும் மேல் சிவப்பும் வெள்ளையுமான சிறிய மிதப்பு. சன்ஃபிஷ்ஷின் வாய் மிகச் சிறியது. முழு மண்புழுவைக் கோத்தால் அது தொங்கும் நுனியைக் கடித்துக் கடித்துத் தின்றுவிட்டுப் போகும்; பிள்ளை வெறும் முள்ளை இழுத்துப் பார்த்து ஏமாறும். பிள்ளையின் விரல் நகத்தளவு துண்டு ஒன்றை முள் மறையும்படி கோத்துவிடுங்கள். மிதப்பு முதலில் நின்ற இடத்திலேயே நடுங்கும். அடுத்து ஒரு பக்கமாக நகரத் தொடங்கும். அதன் பிறகே சட்டென்று அமிழும். அமிழும் வரை காத்திருக்கும்படி சொல்லிக்கொடுத்தால் போதும், கடிப்பவற்றில் பாதிக்கு மேல் கைக்கு வந்துவிடும்.

வந்த மீனைக் கழற்றுவதற்கு முன் கையை ஏரி நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். முதுகுச் செட்டையில் கூரிய முட்கள் உண்டு. தலைப் பக்கத்திலிருந்து வால் பக்கமாகக் கையைச் சறுக்கினால் அவை மடிந்துவிடும். எதிர்ப்பக்கமாகப் பிடித்தால் குத்தும். கன்னத்தில் நீலக் கோடுகளும், செவுள் மூடியின் ஓரத்தில் செம்மஞ்சள் பொட்டும், மஞ்சள் வயிறுமாக அந்தச் சன்ஃபிஷ் பிள்ளைகளின் உள்ளங்கைக்கு அளவாகவே இருக்கும். பெரியவர்கள் அதை ஒரு மீனாகவே மதிப்பதில்லை. பிள்ளைகளோ அதைவிட அழகான ஒன்றை அன்றைக்குப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நிலாமதி:

ஏரிக்கரையான் அண்ணா மீனைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் பிள்ளைகளுக்கான அவசரச் சிகிச்சைப் பிரிவில் தாதியாகப் பணியாற்றுகிறேன். எனவே பாதுகாப்பைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

உயிர்காப்பு அங்கியைப் பிள்ளையின் வயதைப் பார்த்தல்ல, எடையைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும். அங்கியின் உட்புறத்தில் எத்தனை கிலோவுக்கு உரியது என்று அச்சிட்டிருப்பார்கள். உங்கள் மகனுக்கு, கால்களுக்கிடையே மாட்டும் பட்டியும், கழுத்துக்குப் பின்னால் பெரிய காலரும், தூக்கிப் பிடிக்க ஒரு கைப்பிடியும் உள்ள அங்கி வேண்டும். மாட்டிய பிறகு தோள்ப் பக்கத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி நாடியைத் தாண்டிக் காது வரை ஏறினால் அது பெரிது, நீரில் விழுந்தால் பிள்ளை அதற்குள்ளிருந்து வழுகிவிடும். காற்று ஊதி விரியும் வகை அங்கி 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கோ 36.3 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளவர்களுக்கோ கனடாவில் அனுமதிக்கப்பட்டதல்ல. வழிகாட்டி தாம் அணிந்திருப்பது போன்ற ஒன்றை நல்ல மனத்தோடு நீட்டினாலும் வாங்கி அணிவிக்காதீர்கள். படகில் அளவான அங்கி இருக்கும் என்று நம்பிப் போவதைவிட, முன்கூட்டியே வாங்கி வீட்டிலேயே அணிவித்துப் பழக்கிவிடுவது மேல். ஏரிக்கரையில் முதல் முறையாக அணிவிக்கப்படும் நாலரை வயதுப் பிள்ளை அழுது அடம்பிடிக்கும்; அந்த அழுகையோடு பயணம் தொடங்கும்.

எங்கள் பிரிவுக்குக் கோடையில் வரும் தூண்டில் காயங்களில் பல, பக்கத்தில் நின்ற பிள்ளை தடியைத் தலைக்கு மேல் சுழற்றியதால் ஏற்பட்டவை. ஒரே படகில் மூன்று பிள்ளைகள் என்றால் தலைக்கு மேல் எறிவதே கூடாது என்று விதி வைத்துவிடுங்கள்; படகின் பக்கவாட்டில் நேராக நீரில் இறக்கினாலே இந்தச் சிறிய மீன்கள் கடிக்கும். எல்லோரும் தொப்பியும் கண்ணாடியும் அணிய வேண்டும். வெயிலுக்கு உதவும் அதே கண்ணாடி முள்ளிடமிருந்தும் கண்ணைக் காக்கும். முள் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கூரைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்த முள் விரலில் ஏறினாலும் எளிதாக வெளியே வந்துவிடும், மீனுக்கும் காயம் குறையும். நசுக்காத முள் ஆழமாக ஏறிவிட்டால் பிடுங்க முயலாமல் தங்கூசியை வெட்டிவிட்டு மருத்துவரிடம் வாருங்கள். கண்ணிலோ கண்ணருகிலோ பட்டால் எதையும் தொடாமல், ஒரு கடதாசிக் குவளையைக் கண்மேல் கவிழ்த்து மூடி, உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

நுளம்புக்கு டீட் கலந்த மருந்து பூசுவதானால், இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 10 வீதத்துக்கு மேற்படாததை, ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேற்படாமல் பூசலாம் என்பது கனடிய சுகாதாரத் துறையின் அறிவுரை. 20 வீத இக்காரிடின் கலந்த மருந்தும் பிள்ளைகளுக்கு ஏற்றதே. வெயிற்களிம்பை முதலில் பூசிவிட்டு அதன்மேல் இதைப் பூசுங்கள். பிள்ளைகளின் முகத்திலும் கைகளிலும் பூச வேண்டாம், அந்தக் கைதான் அடுத்த நிமிடம் வாய்க்குப் போகும். நண்பகல் 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையே படகில் இருக்காதபடி நேரத்தை அமைத்தால் வெயில் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இடி கேட்டால் உடனே கரைக்குத் திரும்ப வேண்டும். கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடம் கழியும் வரை மீண்டும் நீருக்குப் போகக் கூடாது. இதை வழிகாட்டி தாமாகவே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

கீழைக்காற்று:

எல்லோரும் படகைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் கருத்து வேறு. நாலரை வயதுப் பிள்ளைக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கும் வழிகாட்டி எதற்கு? ஏரிக்கரையான் சொன்ன அதே சன்ஃபிஷ்ஷும் பெர்ச்சும் மரத்துறைமேடைக்குக் கீழேயே நிற்கின்றன. ஏரியின் தென்கரையிலுள்ள சிபால்ட் பாயின்ட் மாகாணப் பூங்காவுக்குப் போங்கள்; மேசையுண்டு, நிழலுண்டு, கழிவறையுண்டு, குளிக்க மணற்கரையுண்டு. பிள்ளைக்கு அலுத்துவிட்டால் தடியை வைத்துவிட்டு மணலில் விளையாடப் போகலாம். படகிலிருந்து அப்படி இறங்கிப் போக முடியுமா? தடி வாங்கவும் வேண்டியதில்லை. மீன்பிடிக் கருவிகளை இரவலாகக் கொடுக்கும் டாக்கிள்ஷேர் திட்டம் மாகாணத்தின் பல பூங்காக்களிலும் சில நூலகங்களிலும் நடக்கிறது. கோடையில் சில மாகாணப் பூங்காக்களில் குடும்பங்களுக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுக்கும் வகுப்பும் நடக்கும். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் குடும்பமாக இரண்டு நாள் கூடாரமடித்துத் தங்கிவிடலாம்.

என் பிள்ளைகள் இருவரும் மேடையில் குப்புறப் படுத்து, பலகை இடுக்கு வழியே கீழே நிற்கும் மீன்களைப் பார்த்துக்கொண்டே அவற்றின் மூக்குக்கு நேராக இரையை இறக்கக் கற்றார்கள். மீன் இரையை நெருங்கி, முகர்ந்து, பின்வாங்கி, மறுபடி வருவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அதற்குப் பிறகு மிதப்பைப் பற்றி ஒன்றும் விளக்கத் தேவையிருக்காது.

ஏரிக்கரையான்:

கீழைக்காற்று சொல்வதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். நாலரை வயது மகனுக்குத் துறைமேடையே சிறந்த இடம்; அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வழிகாட்டி தேவையில்லை என்று முற்றாகத் தள்ளிவிட வேண்டாம். மூன்று பிள்ளைகள், மூன்று தடிகள், பெரியவர்கள் இருவர். ஒன்றின் தங்கூசி சிக்கியிருக்கும்போதே அடுத்ததற்குப் புழு கோக்க வேண்டும், மூன்றாவதில் மீன் கடித்திருக்கும். அன்றைக்கு முழுவதும் பெற்றோர் குனிந்த தலை நிமிராமல் சிக்கெடுத்துக்கொண்டிருப்பார்கள். இந்த வேலைகளை எல்லாம் பழகிய கை ஒன்று செய்து கொடுக்க, நீங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்பதுதான் வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தின் உண்மையான பயன். பதினொரு வயது மருமகனுக்கு வேறொரு பயனும் உண்டு. அவன் அந்த வயதில் காற்று, ஆழம், களை, மீன் ஆகியவற்றுக்கிடையேயுள்ள தொடர்பைப் பிடித்துக்கொள்வான். நல்ல வழிகாட்டிகள் நீருக்கடியில் ஆழத்தையும் மீனையும் காட்டும் படகின் ஒலிமானித் திரையைக் காட்டி அதையெல்லாம் அருமையாக விளக்குவார்கள்.

ஆகவே என் ஆலோசனை இதுதான். பயணத்துக்கு முந்திய வாரத்தில் ஒருநாள் எல்லோரும் துறைமேடையில் பழகுங்கள். அங்கே மகன் எப்படி இருக்கிறான் என்று பார்த்துவிட்டு, அவனைப் படகில் ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். படகுப் பயணம் இரண்டரை மணித்தியாலம், மிஞ்சினால் மூன்று. அரை நாளுக்குரிய பணத்தைக் கொடுத்துவிட்டு முன்னதாகவே கரைக்கு வந்தாலும் நட்டம் என்று எண்ண வேண்டாம். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாமே என்று பிள்ளை கேட்கும்போது திரும்பிவிட வேண்டும்.

வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவற்றில் பலரும் கேட்க மறப்பது கழிவறை. பாஸ் பிடிக்கும் வேகப்படகுகளில் அது இருக்காது. உட்காரும் இடமும் குறைவு, பக்கச்சுவரும் தாழ்வு. மிதவைக் குழாய்களின் மேல் தட்டையான தளம் அமைத்துச் சுற்றிலும் வேலியடைத்த பொன்டூன் படகு கிடைத்தால் அதையே எடுங்கள். பிள்ளைகள் எழுந்து நடக்கலாம், நிழற்கூரை இருக்கும், சிலவற்றில் சிறிய கழிவறையும் வைத்திருப்பார்கள். பணம் வாங்கிப் பயணிகளை ஏற்றும் படகு சட்டப்படி பொழுதுபோக்குப் படகாகக் கணக்கிடப்படுவதில்லை; நாங்கள் வைத்திருக்கும் சாதாரணப் படகோட்டி அட்டை அதை ஓட்டப் போதாது. வணிகப் படகோட்டிப் பயிற்சிச் சான்றும் பயணிகளுக்கான காப்புறுதியும் இருக்கின்றனவா என்று தயங்காமல் கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை, உடனே காட்டுவார்கள்.

காற்றடித்தால் என்ன செய்வார் என்றும் கேளுங்கள். சிம்கோ பரந்து கிடக்கும் ஏரி. மேற்கிலிருந்து காற்று பலமாக வீசினால் சிறிது நேரத்தில் அலை எழும்பிவிடும், குறிப்பாகக் கிழக்குக் கரையில். பருத்தித்துறைக் கடலைப் பார்த்த உங்களுக்கு அது அலையாகவே தெரியாது. ஆனால் சிறிய படகில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வயிற்றைப் புரட்டும். காற்றினால் தள்ளிவைத்தால் முற்பணம் அடுத்த நாளுக்குச் செல்லுமா, திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிவைப்பது நல்லது.

தென்னங்கீற்று:

ஏரிக்கரையான் அண்ணாவிடம் இரண்டு கேள்விகள். பிடித்த மீனைச் சமைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? இங்குள்ள ஏரி மீன்களில் பாதரசம் இருக்கிறது என்று சொல்கிறார்களே? அடுத்தது, சிறு பிள்ளைகளின் கண்முன்னே மீனைக் கொல்வது சரியா என்று எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அதற்காக, பிடித்துப் பிடித்துத் திரும்ப விடுவதும் அந்த உயிரை வெறுமனே துன்புறுத்துவதாகப் படுகிறது.

ஏரிக்கரையான்:

நல்ல கேள்விகள், தங்கச்சி. மாகாண அரசின் சுற்றுச்சூழல் அமைச்சு, ஒன்ராறியோ மீன்களை உண்பது பற்றி ஒரு கையேட்டை வெளியிடுகிறது, இணையத்திலும் பார்க்கலாம். ஏரியின் பெயர், மீனின் வகை, மீனின் நீளம் மூன்றையும் கொடுத்தால் மாதத்தில் எத்தனை வேளை உண்ணலாம் என்று அது காட்டும். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் பிள்ளைப்பேற்று வயதிலுள்ள பெண்களுக்கும் தனி அளவு உண்டு, அது மற்றவர்களுக்குரியதைவிடக் குறைவாக இருக்கும். பாதரசம் மீனின் தசையில் ஆண்டுக்கணக்கில் சேர்வது. எனவே மற்ற மீன்களைத் தின்று வளர்ந்த பெரிய, வயதான மீன்களில் அது கூடுதல், சிறிய பெர்ச்சிலும் சன்ஃபிஷ்ஷிலும் குறைவு. பிள்ளைகளுக்குச் சமைப்பதானால் சிறியதே நல்லது. பெர்ச்சின் இறைச்சி வெள்ளையாக, மணமில்லாமல், உறுதியாக இருக்கும். மிளகும் மஞ்சளும் உப்பும் தடவிப் பொரித்தால் பிள்ளைகள் விரும்பித் தின்பார்கள். குழம்பு வைத்தால் கரைந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவரும்போது தோலை முற்றாக உரித்துவிடாதீர்கள். என்ன மீன், எத்தனை என்று அதிகாரி பார்த்தவுடன் அடையாளம் காணக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இரண்டாவது கேள்விக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் மனத்துக்கேற்ற விடையைத்தான் காண வேண்டும். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குத் தேவையான சில பெர்ச்சை மட்டும் எடுத்துக்கொள்வோம். அத்தோடு மீன்பிடிப்பதையும் நிறுத்திவிடுவோம். எடுக்கும் மீனை வாளியில் துடிக்க விடாமல் தலையில் ஓர் அடியில் கொன்றுவிடுவோம். பிள்ளைகளிடம் அதை மறைத்ததில்லை, பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தியதும் இல்லை. என் மகள் ஐந்து வயதில் திரும்பி நின்றாள். ஏழு வயதில் தானாகவே கிட்ட வந்து, மீனின் செவுளைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டாள். வழிகாட்டி பழக்கத்தில் மீனை உயிரோடு வைத்திருக்கும் படகுத் தொட்டியில் போட்டுவிட்டு நாள் முடிவில் சுத்தம் செய்யத் தொடங்கிவிடுவார். உங்கள் வீட்டு வழக்கம் எது என்பதைப் புறப்படும் முன்பே அவரிடம் சொல்லிவையுங்கள்.

மார்க்கம்வாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மனைவியும் வாசித்தார், நிலாமதி அக்கா எழுதியதைப் பார்த்துவிட்டு அன்று மாலையே மகனுக்கு அங்கி வாங்கிவிட்டோம். உரிமம் பற்றி யாராவது விளக்க முடியுமா? எங்கள் பிள்ளைகளுக்கு உரிமம் வேண்டுமா, கொழும்பிலிருந்து வரும் மருமகனுக்கு வேண்டுமா, தடியைத் தொடாமல் பக்கத்தில் நிற்கும் எனக்கு வேண்டுமா?

வானம்பாடி:

கனடாவில் வசிக்கும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஒன்ராறியோவில் உரிமம் தேவையில்லை. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் தேவையில்லை. பிறந்த தேதியுள்ள அரச அடையாள அட்டை ஒன்றைக் கையில் வைத்திருந்தால் சரி. என் அப்பா ஒவ்வொரு கோடையிலும் அப்படித்தான் பேரப்பிள்ளைகளோடு போகிறார். இடைப்பட்ட வயதுக்காரர்கள் தூண்டில் போடுவதானால் உரிமம் எடுத்தே ஆக வேண்டும்.

ஏரிக்கரையான்:

வானம்பாடி சொன்னது சரி. மருமகன் கனடாவில் வசிப்பவன் அல்ல. அவனைப் போன்ற 18 வயதுக்குக் குறைந்தவர்கள், உரிமம் வைத்திருக்கும் ஒருவர் உடனிருந்தால் தனி உரிமமின்றி மீன்பிடிக்கலாம். அவன் எடுத்துக்கொள்ளும் மீன் உடனிருப்பவர் ஒரு நாளில் எடுக்க அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் சேரும். எனவே நீங்கள் ஓர் உரிமம் எடுத்துவிடுங்கள். தடியைத் தொட மாட்டேன் என்று இப்போது சொல்கிறீர்கள். மகனின் கையிலிருந்து தடியை வாங்கி ஒருமுறை எறிந்துகாட்டினாலும் நீங்கள் மீன்பிடித்ததாகவே ஆகும். ஜூலை தொடக்கத்தில் ஒரு வாரம் கனடாவில் வசிப்பவர்கள் எல்லோரும் உரிமமின்றிக் குடும்பமாக மீன்பிடிக்க மாகாணம் அனுமதிக்கிறது. தந்தையர் தின வார இறுதியும் அப்படியே. ஆனால் நீங்கள் போவது ஜூலை நடுப்பகுதி. எந்த மீன் எந்தத் தேதியில் திறந்திருக்கிறது, எத்தனை எடுக்கலாம் என்பவற்றை மாகாண மீன்பிடி விதிமுறைகளில் பதினாறாம் மண்டலத்துக்குரிய பக்கத்தில் பாருங்கள். சிம்கோ ஏரி அந்த மண்டலத்தில்தான் வருகிறது.

துறைமேடையில் பழகப்போகிறீர்கள் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே பிள்ளைகளின் தூண்டிலில் கொழுத்த தலையும் புடைத்த கண்ணும் சாம்பல் நிறமுமாக விரலளவு மீன் ஒன்று கட்டாயம் மாட்டும். அது ரவுண்ட் கோபி. கருங்கடல், கஸ்பியன் கடல் பகுதியைச் சேர்ந்த அந்த மீன் கப்பல்கள் சாயாமல் நிற்க அடியில் ஏற்றும் நீரோடு பேரேரிகளுக்கு வந்து பரவியது. 2004இல் சிம்கோவில் கலக்கும் பெஃபர்லோ ஆற்றில் அதைக் கண்டார்கள். மறு ஆண்டு ஆற்றில் மருந்திட்டு அழிக்க முயன்றும், 2006இல் ஏரிக்குள்ளேயே வந்துவிட்டது. மற்ற மீன்களின் முட்டைகளைத் தின்கிறது. அதை உயிரோடு வைத்திருப்பது சட்டவிரோதம்; மீண்டும் நீரில் விடவும் கூடாது, கொன்றுவிட வேண்டும். வயிற்றுப் பக்கம் திருப்பிப் பாருங்கள்: அடிச் செட்டைகள் இரண்டும் ஒன்றாக இணைந்து வட்டமான உறிஞ்சி போல இருக்கும், முன் முதுகுச் செட்டையில் ஒரு கரும்புள்ளி இருக்கும். இரண்டும் இருந்தால் கோபி. அடிச் செட்டைகள் பிரிந்திருந்தால் அது இந்த மண்ணுக்குரிய ஸ்கல்பின், விட்டுவிடுங்கள். மற்ற மீன்களை எல்லாம் மெதுவாக விடச் சொல்லிவிட்டு இதை மட்டும் கொல்லச் சொன்னால் பிள்ளை ஏனென்று கேட்கும். இந்தக் கதையை முழுதாகச் சொல்லுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகவே விளங்கும், வேண்டுமானால் கொல்லும் வேலையை நீங்கள் செய்யுங்கள்.

மார்க்கம்வாசி:

இன்று பதிவு செய்துவிட்டோம். பொன்டூன் படகு, மூன்று மணித்தியாலம், காலை எட்டரைக்குக் குக்ஸ் குடாவிலிருந்து புறப்பாடு. பெர்ச்சும் சன்ஃபிஷ்ஷும் போதும் என்று சொன்னதும், தம் பேரப்பிள்ளைகளையும் அவற்றுக்குத்தான் அழைத்துப்போவதாக அந்த வழிகாட்டி மகிழ்ந்து பேசினார். காப்புறுதிச் சான்றைக் கேட்காமலே மின்னஞ்சலில் அனுப்பிவைத்தார். முந்திய ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சிபால்ட் பாயின்ட்டுக்குப் போகிறோம். மகன் படகில் வருவானா என்பதை அன்றைக்குப் பார்த்து முடிவெடுப்போம். வராவிட்டால் அம்மாவோடு கரையில் இருப்பான். கடைசியாக ஒன்று: மிஞ்சும் மண்புழுக்களைக் கரையிலேயே மண்ணில் விட்டுவிடலாம்தானே?

ஏரிக்கரையான்:

வேண்டாம் தம்பி. பனிப்படலம் மூடியிருந்த இந்தக் காட்டு நிலங்களில் மண்புழு இயற்கையாக இருந்ததில்லை. கடையில் விற்கும் பெரிய புழுக்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவற்றின் வழி. அவை காட்டின் இலைச்சருகை வேகமாகத் தின்று தீர்த்துவிடுவதால் மரக்கன்றுகளும் காட்டுப் பூக்களும் முளைக்க இடமில்லாமல் போகிறது. மிஞ்சியவற்றை, அவை இருந்த மண்ணோடு சேர்த்துப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு டசின் புழு தாராளம். நகத்தளவு துண்டுகளாக வெட்டினால் பெரும்பாலும் மிஞ்சவே மிஞ்சாது.